முன்னூற்று இருபது

கருங்கல் சந்தை தாண்டி
பாலப்பள்ளம் போகும் வளைவில்
எங்கள் அண்டி ஆபீஸ்.
எழுத்து வேலை ஒன்றும் கிடையாது,
ஆனாலும் ஆபீஸ்.
காலை ஏழு மணிக்குச்
சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு உட்காருவோம்
நூற்றுப் பத்துப் பெண்கள்.

சாக்கில் ஏதோ ஒரு ஊர் அச்சடித்திருக்கிறது.
கினி பிசாவ் என்று
கணக்கப்பிள்ளை டென்னிசன் வாசித்தார்.
போன வருசம் தான்சானியா.
"ஏன் சார், கொல்லாமரம் நம்ம பக்கமும் உண்டுல்லா?"
என்றாள் ஸ்டெல்லாபாய்.
"இருந்தது. இப்போ அதில ரப்பர் நிக்குது.
ரப்பருக்கு விலை வைக்கவன் பாங்காக்ல இருக்கான்"
என்றார் அவர்,
எல்லாம் தெரிந்தவரின் சலிப்போடு.

சாக்கைக் கவிழ்த்தால்
கொட்டையோடு சிவப்பு மண்கட்டி விழும்,
சோடா மூடி விழும்,
ஒருதரம்
ஒரு குழந்தைச் செருப்பின் நீல வார்.
எறிய மனமில்லாமல்
ஜன்னல் கம்பியில் கட்டி வைத்தேன்.
அங்கே ஒருத்தி
வார் அறுந்ததற்குப் பிள்ளையை அடித்திருப்பாள்.
நானாயிருந்தால் அடித்திருப்பேன்.

கொட்டையை நிறுத்தி ஒரு தல்லு.
கூடினால் பருப்பு நொறுங்கும்,
குறைந்தால் தோடு திறக்காது.
முழுசுக்கு ஒரு கூலி, பிளந்ததற்கு வேறு.
எங்களிடம் அதிகம் விழுவது
'முன்னூற்று இருபது'.
ஒரு பவுண்டு நிறைய
இத்தனை பருப்பு வேண்டும் என்று அர்த்தமாம்.
பவுண்டில் எடைபோடும் எந்தக் கடையையும்
கருங்கலில் நான் பார்த்ததில்லை.

தோட்டின் எண்ணெய் சாம்பலுக்கு அடங்காது.
நகக்கண் கறுக்கும், தோல் உரியும்,
புதுத்தோல் வரும்,
அதுவும் உரியும்.
ரேசன் கடையின் கறுப்புப் பெட்டி மேல்
வலது கட்டைவிரல் வைத்தேன். பொருந்தவில்லை.
இடது. பொருந்தவில்லை.
பத்தும் வைத்துப் பார்த்துவிட்டு
"நீங்க நீங்கதானாக்கா?" என்று சிரித்தான் ஜெபின்.
வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.
அன்றைக்கு அரிசி கிடைக்கவில்லை.
என் ரேகைகள் எங்கே என்று
யாரும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
பருப்போடு பருப்பாய்
தகர டின்னில் அடைபட்டு
ராட்டர்டாம் போயிருக்கும்.
பாஸ்போர்ட் இல்லாமல்.

முதலாளி இப்போது அடிக்கடி
வியட்நாம் என்கிறார்.
பக்கத்துப் பறம்புக்காரன்
எல்லைக்கல்லை நகர்த்திவிட்டது போல.
அங்கே மிஷின் தல்லுகிறதாம்.
மிஷினுக்குப் பெருநாள் இல்லை,
இடுப்புவலி இல்லை.
தூத்துக்குடிக்குக் கப்பல் ஒன்பது நாள் பிந்தியது,
எங்கள் அடுப்பும் பிந்தியது.
டாலர் ஏறியது என்றார்கள், கூலி ஏறவில்லை.
டாலர் இறங்கியது என்றார்கள்,
அதற்கும் ஏறவில்லை.
"அதெப்படி சார்?" என்று தங்கலீலா கேட்டாள்.
மறுநாள் அவளுக்கு வேலை
புகை கிடக்கும் வறுக்கிற பக்கம்.

என் மகன் ஷிஜோ தோகாவில்.
சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிப்ட்,
அலமாரி நிரப்ப வேண்டும்.
நேற்று ஒரு போட்டோ அனுப்பினான்.
தங்கநிறப் பொட்டலம், கீழே விலை.
என் மூன்று நாள் கூலி.
"அம்மா, இது நீங்க தல்லினதா?"

படத்தைப் பெரிதாக்கப் பார்த்தேன்.
திரைக்கும் என் விரலைத் தெரியவில்லை,
மூன்றாம் தடவை நகர்ந்தது.
பொட்டலத்தின் கண்ணாடி வழியே
பருப்பு தெரிந்தது.
ஓரமெல்லாம் சிராய்ப்பு,
இரண்டுக்கு நுனி இல்லை.

"இல்ல மக்களே" என்று பேசி அனுப்பினேன்,
"இது மிஷின் தல்லினது.
நான் தல்லினா இப்பிடி வராது."

பதிலுக்கு அவன்
ஒரு கட்டைவிரல் அனுப்பியிருந்தான்.
மஞ்சளாய், வழவழப்பாய்,
ரேகை ஒன்றும் இல்லாமல்.